ராஜ்மகால் மலையில் 11 நாள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் எனக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. அனுப்பியவள் என் வகுப்பில் படித்தவள் இல்லை. ஆனால் மூன்று வருஷம் லீவு நாட்களில் எங்கள் வீட்டில் இருந்து வளர்ந்தவள். "சித்தி, 1997-ல நாம எல்லாரும் அந்த மலைக்குப் போனோம்லா, அதை எழுதி வையுங்க. என் மகன் கேட்டுக்கிட்டே இருக்கான். எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கு" என்று எழுதியிருந்தாள். என் பழைய டைரியை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுவிட்டேன். "எழுது, பேரு மட்டும் வேண்டாம்" என்றார்கள். ஆகவே அவளைப் பாப்பா என்றே சொல்கிறேன். அப்போது வீட்டில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம்.

பாப்பாவின் அம்மாவும் நானும் பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சி படித்தபோது விடுதியில் ஒரே அறை. அவள் நாசரேத் பக்கம். நான் கோயில் தெருக்காரி, அவள் கோயில்பிள்ளை வீட்டுப் பெண். கார்த்திகைக்கு எங்கள் வீட்டுக் கொழுக்கட்டையும் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டு முந்திரிக்கொத்தும் கைமாறும். பயிற்சி முடிந்து எனக்கு ஒன்றிய தொடக்கப்பள்ளியில் வேலை கிடைத்தது. அவள் இரண்டு வருஷம் டீச்சராக இருந்துவிட்டு, மிஷனெரியாகப் போக முடிவு செய்திருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு 1984-ல் பீகாருக்குப் போய்விட்டாள்.

மிஷனெரி என்றால் வெள்ளைக்காரர் இங்கே வந்தது மட்டும்தான் நம்மில் பலருக்குத் தெரியும். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வடக்கே மலைகளுக்கும் காடுகளுக்கும் போன தமிழ்க் குடும்பங்கள் நிறைய. திருநெல்வேலியில் 1903-லேயே இதற்கென்று நம் ஆட்களே சங்கம் தொடங்கியிருக்கிறார்கள். ஊரிலிருந்து வரும் காணிக்கைப் பணத்தில்தான் அவர்கள் பிழைப்பு. சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

அவள் போன இடம் ராஜ்மகால் மலை. இப்போது ஜார்க்கண்ட் மாநிலத்தில் சாகிப்கஞ்ச் மாவட்டம். 2000 நவம்பர் வரை அது பீகார். மலை மேல் பள்ளிக்கூடம் கிடையாது, பள்ளிக்கூடம் இருந்தாலும் வாத்தியார் வரமாட்டார். ஆகவே பாப்பாவை ஐந்து வயதில் நம் மாவட்டத்தில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்தார்கள். காலாண்டு, அரையாண்டு விடுமுறைக்கு எங்கள் வீடு. கோடை விடுமுறையில் மட்டும்தான் அப்பா அம்மாவைப் பார்ப்பாள். மிஷனெரிப் பிள்ளைகளை எல்லாம் கூட்டமாகச் சேர்த்து, இரண்டு பெரியவர்கள் ரயிலில் கூட்டிப்போவார்கள்.

1997 ஏப்ரலில் அந்தக் கூட்டம் கிளம்பும்போது பாப்பாவுக்கு அம்மை வார்த்திருந்தது. போக முடியவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றியபிறகு யார் கொண்டுபோய் விடுவது என்று கேள்வி வந்தது. என் கணவர்தான், "நாமளே போவோம். பிள்ளைங்களும் ஒரு தடவை வடக்கைப் பாக்கட்டும்" என்றார். அவருக்குத் தபால் துறையில் வேலை. லீவு இருந்தது.

வீட்டில் எதிர்ப்பு வராமல் இல்லை. என் மாமியார், "காய்ச்சல் காட்டுக்குப் பச்சைப் பிள்ளைகளைக் கொண்டு போறியா?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பெரியப்பா ஒருவர், "மதம் மாத்துற இடத்துக்கு உனக்கு என்ன சோலி?" என்று நேராகவே கேட்டார். "பிள்ளையை அவ அம்மாகிட்ட விடப்போறேன் பெரியப்பா" என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டர் சொன்னபடி கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே குளோரோகுயின் மாத்திரை ஆரம்பித்தோம். வாரம் ஒரு தடவை. திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம். அந்தக் கசப்பை என் மகன் இன்றும் சொல்லுவான். வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தால் பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிடுவான். அவனுக்கு அப்போது 11 வயது, மகளுக்கு 8. பாப்பாவுக்கும் 8.

நாசரேத்திலிருந்து பாப்பாவின் ஆச்சி வந்து ஒரு பெட்டி கொடுத்தார்கள். கருப்பட்டி, சுக்கு, புளி, நார்த்தங்காய் ஊறுகாய், மிளகாய் வற்றல், முறுக்கு. பெட்டியைக் கட்டிய கயிற்றைத் தடவிக்கொண்டே, "அவளை ஒரு தடவை வரச் சொல்லும்மா. நான் கண்ணை மூடுறதுக்குள்ள" என்றார்கள்.

இரவு பஸ்ஸில் சென்னை. காலையில் சென்ட்ரலில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ். மறுநாள் மதியம் ஹவுரா. அன்று ராத்திரியே இன்னொரு ரயில். விடிகிற நேரம் பர்ஹர்வா ஸ்டேஷனில் இறங்கினோம். மூன்று இரவு பயணம். பாப்பா வழியெல்லாம் என் மகளோடு நன்றாக விளையாடிக்கொண்டு வந்தாள். ஹவுரா தாண்டியதும் பேச்சு குறைந்துவிட்டது.

அண்ணன், அதாவது தோழியின் கணவர், ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். பாப்பாவைத் தூக்கினார். அவள் கழுத்தைக் கட்டிக்கொள்ளாமல் விறைப்பாக இருந்தாள். ஜீப்பில் கொஞ்ச தூரம். வயல் ஓரமெல்லாம் பனைமரம் நின்றது. "சித்தி, நம்ம ஊரு மரம்" என்று பாப்பா சொன்னாள். அதன் பிறகு நடை. கறுப்புக் கல், மூங்கில், வெட்டிய மரத்தின் அடியில் துளிர்த்த சால் குருத்து. மலை அப்படி ஒன்றும் உயரம் இல்லை. நம் குற்றால மலையைப் பார்த்தவர்களுக்குக் குன்று மாதிரிதான். ஆனால் மே மாத வெயிலில் எட்டு கிலோமீட்டர் ஏறுவது சாதாரணம் இல்லை. எங்கள் மூட்டைகளை வாங்கிக்கொண்ட இரண்டு பெண்கள் செருப்பில்லாமல் எங்களுக்கு முன்னால் பேசிக்கொண்டே ஏறினார்கள்.

ஊர் மலை முகட்டில் இருந்தது. 30 வீடு இருக்கும். மூங்கிலும் மரமும் கட்டிப் புல் வேய்ந்தவை. வாசல் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. தோழி ஓடி வந்தாள். மெலிந்து கறுத்துப் போயிருந்தாள். "ஏட்டி, வந்துட்டியாட்டி" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு பாப்பாவிடம் குனிந்தாள். பாப்பா என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் நின்றாள். தோழி வற்புறுத்தவில்லை. "களைச்சிருப்பா" என்று எழுந்துகொண்டாள்.

அவளுக்கு மூன்று வயதில் ஒரு மகன் உண்டு. அவன் ஊர்ப் பிள்ளைகளோடு புழுதியில் ஆடிக்கொண்டிருந்தான். அக்கா வந்திருக்கிறாள் என்று கூப்பிட்டாள். அவன் பாப்பாவைப் பார்த்து ஏதோ கேட்டான். ஒரு சொல்லும் எங்களுக்குப் புரியவில்லை. அவன் பேசியது மால்ட்டோ. தமிழ் காதில் விழுந்தால் புரிந்துகொள்வான், வாயில் வராது. அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேச ஒரு மொழி இல்லை. அன்று ராத்திரி பாப்பா எங்களோடுதான் படுத்தாள்.

அந்த மக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியார் பஹாடியா என்பார்கள். அவர்கள் தங்களை மலேர் என்கிறார்கள். மலைக்காரர் என்று பொருள். கேட்டதும் நமக்குக் காது நிமிர்கிறது இல்லையா? அவர்கள் பேசும் மால்ட்டோ, திராவிட மொழிதான். சுற்றிலும் இந்தி, வங்காளம், சந்தாலி. நடுவில் இந்த மொழி தனியாக நிற்கிறது. நம் திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் இருந்த கால்டுவெல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்டார். 1875-ல் வந்த இரண்டாம் பதிப்பில், ராஜ்மகால் மொழி என்று இதையும் திராவிட மொழிகளின் வரிசையில் வைத்திருக்கிறார். துரோயஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1884-ல் இதற்கு இலக்கணமே எழுதினார்.

மீனுக்கு மீனு. பல்லுக்குப் பலு. கண்ணுக்குக் கனு, ஆனால் அந்த 'க'வைத் தொண்டையின் அடியிலிருந்து எடுக்கவேண்டும். என் மகன் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போனான். பிள்ளைகளிடம் ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்பான். அவர்கள் சொல்லிவிட்டு, அவன் உச்சரிப்பைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

எனக்கு ஆச்சரியம் தந்தது இன்னொன்று. தமிழில் 'நாங்கள்' வேறு, 'நாம்' வேறு. கேட்கிறவரைச் சேர்க்காவிட்டால் நாங்கள், சேர்த்தால் நாம். இந்தியில் இரண்டுக்கும் 'ஹம்' ஒன்றுதான். மால்ட்டோவில் நம்மைப் போலவே இரண்டு உண்டு. சேர்க்காததற்கு 'ஏம்'. சேர்த்துச் சொல்ல 'நாம்'. அப்படியே நம் நாம். தோழி சொன்னாள்: "வந்த புதுசுல என்கிட்டப் பேசும்போது எல்லாரும் ஏம், ஏம்னுதான் சொல்லுவாங்க. நாங்க இப்படிச் சமைப்போம், நாங்க இந்தத் தண்ணியைக் குடிப்போம்னு. அஞ்சாவது வருஷம் ஒரு கிழவி, காட்டுக்கு வெறகுக்குப் போகும்போது, நாம் போவோம்னு என்னையும் சேர்த்துச் சொன்னா. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்."

இவர்கள் ஏன் முகட்டில் இருக்கிறார்கள்? ஒரு காலத்தில் இந்த மலையும் அடிவாரமும் இவர்கள் கையில் இருந்தன. 1832-33-ல் கம்பெனி அரசு மலையைச் சுற்றி எல்லைக் கல் நட்டு, தாமின்-இ-கோ என்று பெயர் வைத்தது. பள்ளத்தாக்கில் காட்டைத் திருத்தி உழச் சந்தால் மக்களைக் குடியேற்றியது. உழுகிற நிலம் கீழே போய்விட்டது, இவர்கள் மேலேயே ஒதுங்கிவிட்டார்கள். மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்து மக்காச்சோளம், கம்பு, தட்டப்பயறு போடுவார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் அடுத்த சரிவு. மீதி நாளில் விறகும் மூங்கிலும் கயிறு திரிக்கிற புல்லும் சுமந்து சந்தைக்குப் போவார்கள். தண்ணீர் பள்ளத்தில் ஊற்றில். கோடையில் ஒரு பானை தண்ணீருக்கு ஒரு மணி நேரம்.

சந்தையில் மஹாஜன் என்கிற வட்டிக்காரர் இருப்பார். மழைக்காலத்தில் தானியம் தீர்ந்ததும் கடன் கொடுப்பார். அறுவடையில் பயறாக எடுத்துக்கொள்வார். கணக்கு அவர் நோட்டில். தோழியிடம் எழுத்துப் படித்த ஒரு பெண், தன் புருஷன் கடனை ஒரு துண்டுக் காகிதத்தில் தானே குறித்து வைத்து, சந்தையில் மஹாஜன் சொன்ன தொகையை மறுத்தாளாம். அதை அந்த ஊரில் இன்னும் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தோழியின் பள்ளிக்கூடம் ஒரு மகுவா மரத்தடி. 20 பிள்ளைகள். நாம் பயிற்சியில் படித்ததை அவள் அங்கே செய்துகொண்டிருந்தாள். அரசுப் பாடநூல் இந்தி. பிள்ளைகளுக்கோ இந்தி தெரியாது. முதல் வருஷம் முழுக்க மால்ட்டோவிலேயே எழுத்து, கதை, பாட்டு, எல்லாம் தேவநாகரி எழுத்தில். எழுத்து கைவந்த பிறகு மெல்ல இந்தி. மகுவாக் கொட்டையை வைத்துக் கூட்டல் கழித்தல். நாம் புளியங்கொட்டை வைத்துச் சொல்லிக் கொடுப்போமே, அதே மாதிரி. நான் இரண்டு நாள் கணக்கு எடுத்தேன். மொழி தெரியாமல் கணக்கு எடுக்க முடிந்தது. என் 30 வருஷ சர்வீஸில் அந்த இரண்டு நாளையும் சேர்த்தே எண்ணிக்கொள்கிறேன். தாய்மொழியில் தொடங்காத படிப்பு பிள்ளைக்குள் இறங்காது என்று என் மாணவர்களின் பெற்றோரிடம் நான் அத்தனை பிடிவாதமாகப் பேசியதற்கு அந்த மரத்தடியும் ஒரு காரணம்.

நான்காம் நாள் ராத்திரிதான் பாப்பா முதல்தடவையாக அம்மா பக்கத்தில் போய்ப் படுத்தாள். அன்று நடுராத்திரி கதவைத் தட்டினார்கள். ஆறு வயதுப் பையன் ஒருவனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். இப்போது வலிப்பு. அந்த மலையில் மலேரியா சாதாரணம். மூளைக்கு ஏறினால் ஒரு நாளில் உயிர் போய்விடும். தோழி விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். குளுகோஸ்ல குயினைன் ஏத்தணும். இங்க என்னால முடியாது" என்றாள். அண்ணன் அன்று வேறு ஊரில் இருந்தார்.

கயிற்றுக் கட்டிலைக் கவிழ்த்து, மூங்கிலில் கட்டித் தொட்டில் மாதிரி ஆக்கினார்கள். நான்கு ஆண்கள் தூக்க வந்தார்கள். என் கணவரும் டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்பினார். தோழி செருப்பை மாட்டும்போது பாப்பா எழுந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்குமா?" என்று கேட்டாள்.

தோழி அப்படியே நின்றாள். "பாப்பா, அவன் அம்மாவுக்கு இந்தி தெரியாது. டாக்டர்கிட்ட நான்தான் பேசணும்" என்றாள். பாப்பா சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோழி கொஞ்ச நேரம் அவள் முதுகைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

விளக்கை அணைத்த பிறகு பாப்பா என்னிடம் கேட்டாள். "சித்தி, எனக்கு அம்மை போட்டப்ப ஏன் அம்மா வரலை?"

கடிதம் போய்ச் சேர 20 நாள் ஆகும் என்றேன். வேப்பிலை போட்டுப் படுக்க வைத்து, இளநீர் கொடுத்து, ராத்திரி விழித்திருந்தவள் நான். எனக்கே அந்தப் பதில் போதவில்லை. அவள் மறுபடி கேட்கவில்லை. தூங்கவும் இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் தோழி திரும்பி வந்தாள். கால் வீங்கியிருந்தது. பாப்பா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். "அவன் பிழைச்சுட்டானா?" என்றுதான் முதலில் கேட்டாள். "பிழைச்சுட்டான்" என்றதும் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சந்தையில் வாங்கிய பச்சைக் கண்ணாடி வளையலைத் தோழி நீட்டினாள். பாப்பா வாங்கிப் போட்டுக்கொண்டாள். என் மகளுக்கும் ஒரு ஜோடி இருந்தது.

அன்று ராத்திரி பாறை மேல் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் பேசினோம். விடுதி நாட்களில் மொட்டைமாடியில் பேசியது மாதிரி. முதலில் என் மனதில் இருந்ததைக் கேட்டேன். "ஏட்டி, மருந்து கொடுக்கே, எழுத்துச் சொல்லிக்கொடுக்கே, அது போதாதா? அவங்க சாமியை ஏன் மாத்தணும்?"

அவள் கோபப்படவில்லை. "நான் நம்புறதைச் சொல்லுதேன். கேக்கறவங்க கேக்காங்க. மருந்துக்கு யார்கிட்டயும் சாமி பேரு கேக்கிறதில்லை. அன்னைக்குத் தூக்கிட்டுப் போன பையனோட தாத்தாதான் இந்த ஊருக்குச் சாமியாடி. அவரு இன்னும் கோசாயினுக்குத்தான் கோழி அறுக்காரு" என்றாள். நான் என் பக்கத்தைச் சொன்னேன். ஒரு சனம் தன் தெய்வத்தை விட்டால் அதோடு பாட்டும் சடங்கும் கதையும் போய்விடாதா என்று கேட்டேன். "அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதான் பாட்டையும் கதையையும் எழுதி வைக்கேன்" என்றாள். அன்றும் இன்றும் இந்த விஷயத்தில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுதான். அதனால் நட்புக்கு ஒரு குறையும் வரவில்லை. ஊர்த்தலைவர் மாஞ்சி ஒருநாள் எங்களிடம் சொன்னதையும் இங்கே எழுதவேண்டும். "மஹாஜன் வருவான், கணக்கு சொல்லுவான், போயிடுவான். சர்க்கார் ஆளு வருவான், எழுதுவான், போயிடுவான். இவங்க மட்டும் போகலை."

பிறகு பாப்பா என்னிடம் கேட்டதைச் சொன்னேன். தோழி முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். "தெரியும்ட்டி. ஒவ்வொரு ஜூன் மாசமும் அவளை ரயில் ஏத்திட்டு வரும்போது இந்த மலை ஏற எனக்குக் கால் வராது. இங்க வச்சிருந்தா படிப்பு போகும், காய்ச்சல்ல உசுரும் போகலாம். இந்த ஊர்ல போன வருஷம் மட்டும் அஞ்சு பிள்ளைங்களைப் புதைச்சிருக்கோம். நான் என்ன செய்ய?" என்றாள். ஆச்சி சொல்லி அனுப்பியதையும் அப்போதுதான் சொன்னேன். அதற்கும் சேர்த்து அழுதாள்.

மறுநாள் அண்ணனும் அவளும் பாப்பாவை உட்கார வைத்துக் கேட்டார்கள். "ஹாஸ்டல் வேண்டாம்னா சொல்லு. நாங்க ஊருக்கு வந்துடுதோம். அப்பா ஏதாவது வேலை பாத்துக்குவேன்." நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பாப்பா இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. தம்பியோடு சுற்றினாள். பிழைத்து வந்த பையனைப் போய்ப் பார்த்தாள். அவன் அம்மா இவள் தலையைத் தடவி மக்காச்சோளம் சுட்டுக் கொடுத்தாள்.

இரண்டாம் நாள் சாப்பிடும்போது சொன்னாள். "நீங்க இங்கேயே இருங்க. ஆனா ஜனவரியிலயும் ஒரு தடவை வரணும். எனக்குக் காய்ச்சல் வந்தா தந்தி அடிப்பாங்க. அப்ப வரணும்." எட்டு வயதுப் பிள்ளை பேரம் பேசுகிற மாதிரி விரல் விட்டுச் சொன்னாள். அண்ணன் சரி என்றார். அவர் குரல் சரியாக வரவில்லை.

கிளம்புகிற அன்று ஊரே அடிவாரம் பாதிவரை வந்தது. என் மகனின் நோட்டில் 60 சொல் சேர்ந்திருந்தது. பாப்பா அந்த வருஷம் ஜூன்வரை அங்கேயே இருந்துவிட்டு மற்றப் பிள்ளைகளோடு திரும்புவதாக ஏற்பாடு. தம்பிக்காரன் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்களைக் காட்டி அம்மாவிடம் ஏதோ சொன்னான். தோழி சிரித்தாள். "அவங்க போறாங்க, நாம் வீட்டுக்குப் போவோம்னு சொல்லுதான். அக்காவையும் சேர்த்து நாம்னு சொல்லிட்டான்" என்றாள். பாப்பா அந்த ஒரு சொல்லைத் திருப்பிச் சொன்னாள். எங்களைப் பார்த்துக் கையாட்டினாள். இந்தத் தடவை என் சேலையைப் பிடிக்கவில்லை.

சொன்ன சொல்லை அவர்கள் காப்பாற்றினார்கள். 1998 முதல் ஒவ்வொரு ஜனவரியும் தோழி வந்தாள். ஆச்சி அவள் மடியில்தான் கண்ணை மூடினார்கள். பாப்பாவுக்கு ஆறாம் வகுப்பில் டைபாய்டு வந்தபோது தந்தி கிடைத்த அன்றே கிளம்பி, நான்காம் நாள் வந்து நின்றாள். தம்பியும் பிறகு நம் ஊர் வந்து தமிழ் படித்தான். மலையிலிருந்து அவர்கள் மொத்தமாகத் திரும்பியபோது அவர்களிடம் படித்த ஒருவர் அதே மரத்தடி இருந்த இடத்தில் கட்டடப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். எனக்கு அதைச் சொல்லும்போது தோழிக்கு இருந்த சந்தோஷத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

பாப்பா இப்போது நர்ஸ். இதை எழுதப் போகிறேன் என்று போனில் சொன்னபோது அவளிடம் ஒன்று கேட்டேன். அப்பா அம்மா மேல் இப்போது வருத்தம் உண்டா என்று.

"உண்டு சித்தி. எட்டு வயசுப் பிள்ளைகிட்ட அப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. அதைச் சுமக்க எனக்கு அப்பத் தெம்பு இல்லை. ஆனா கேக்காமலே இருந்திருந்தா நான் அவங்களை மன்னிச்சிருக்க மாட்டேன். அந்தப் பையன் பிழைச்சதும் எனக்கு வேணும், எங்க அம்மாவும் எனக்கு வேணும். ரெண்டையும் நான் இன்னும் விடலை" என்றாள்.

என் மாணவர்களில் எத்தனையோ பேர் துபாயிலும் சவூதியிலும் ராணுவத்திலும் இருக்கிறீர்கள். பிள்ளைகளை ஆச்சி வீட்டிலோ ஹாஸ்டலிலோ விட்டிருக்கிறீர்கள். சிலர் கடனுக்காக, சிலர் வீடு கட்ட, சிலர் ஒரு கொள்கைக்காக. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நல்ல காரியத்துக்காகப் போனாலும் பிழைப்புக்காகப் போனாலும், அதற்கு ஒரு பங்கு விலை பிள்ளையும் கொடுக்கிறது. அந்தப் பிள்ளையிடம் காரணத்தைச் சொல்லுங்கள். அது கேட்பதைக் கேளுங்கள். எந்த மாதம் வருவேன் என்று சொன்னால் அந்த மாதம் போய் நில்லுங்கள். இந்தச் சனிக்கிழமை வீடியோ கால் பேசும்போது, "நாங்க இங்க நல்லா இருக்கோம், நீ எப்படி இருக்கே" என்று தொடங்காமல், "நாம் அடுத்து எப்போ சேர்ந்து இருப்போம்" என்று தொடங்கிப் பாருங்கள்.

என் மகனின் அந்த நோட்டு பரணில் பத்திரமாக இருக்கிறது. பாப்பாவின் மகனுக்கு அதை அனுப்பி வைக்கப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்